மண்டபத்து நோட்டில் இருந்து டைம்ஸ்டாம்ப் வரை

11.2.24
11/2/24
11-2-24
11-2-2024

கடலூரில் யாரிடம் காட்டினாலும் நான்கும் 2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்வார்கள். இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில், எழுத்தில் உள்ள தேதியைக் கணினி நேரமாக மாற்றும் ஸ்ட்ர்டுடைம் ஃபங்ஷனிடம் கொடுத்தால் நான்கு வெவ்வேறு பதில் வருகிறது. முதலாவதை அது தேதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. மணி 11, நிமிடம் 2, நொடி 24 என்று படித்து, இன்றைய தேதியில் காலை 11:02:24 என்கிறது. இரண்டாவதில் சாய்கோடு இருக்கிறது, ஆகவே அமெரிக்க முறை. மாதம் முன்னால் வந்து 2024 நவம்பர் 2 ஆகிவிடுகிறது. மூன்றாவதில் சிறுகோடும் இரண்டு இலக்க ஆண்டும் சேர்ந்திருப்பதால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை என்று நினைத்துக்கொண்டு 2011 பிப்ரவரி 24-க்குப் போய்விடுகிறது. நான்காவது மட்டும் சரி. நான்கில் எதற்கும் பிழைச் செய்தி கிடையாது.

இது பிஎச்பியின் கோளாறு என்று சொல்ல முடியாது. எல்லாம் அதன் கையேட்டிலேயே எழுதி இருக்கிறது. புள்ளி வைத்து இரண்டு இலக்க ஆண்டு எழுதினால், அந்த ஆண்டு 61 முதல் 99 வரை இருந்தால்தான் தேதி. மற்றபடி மணி, நிமிடம், நொடி என்று படிப்பதற்கே முன்னுரிமை. நம் ஊரில் புள்ளி வைத்துத் தேதி எழுதாதவர் யார்? பள்ளிக்கூட நோட்டில் இருந்து பத்திரப்பதிவு வரை புள்ளிதான்.

வேலை இதுதான். கடலூர் திருப்பாப்புலியூரில், பேருந்து நிலையத்தில் இருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு முன்பதிவு இணையதளம் இருந்தது, யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அதோடு மேனேஜர் தன் கையால் தட்டச்சு செய்து வைத்திருக்கும் எக்செல் கோப்பு ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு குடும்பத்திடம் அட்வான்ஸ் வாங்கும் நிலைமை வந்து, எப்படியோ சமாளித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கி, மோதல் இருந்தால் முன்கூட்டியே சொல்லும்படி செய்ய வேண்டும் என்றார் உரிமையாளர்.

மோதலைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. மண்டபத்தின் சாவியை முந்தின நாள் மதியம் 3 மணிக்குக் கொடுப்பார்கள், விசேஷ நாளன்று மதியம் 3 மணிக்குத் திரும்ப வாங்குவார்கள். ஆக ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு. ஒன்றின் தொடக்கம் மற்றதன் முடிவுக்கு முன்னும், மற்றதன் தொடக்கம் இதன் முடிவுக்கு முன்னும் இருந்தால் மோதல். இந்த ஒப்பீட்டுக்கு டைம்ஸ்டாம்ப்தான் வசதி: 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் இருந்து எத்தனை நொடி கடந்தது என்ற ஒற்றை எண். எண்ணும் எண்ணும் ஒப்பிட்டால் முடிந்தது. அந்த எண்ணை மேனேஜர் எழுதியதில் இருந்து எப்படி வரவழைப்பது என்பதில்தான் வேலை முழுவதும் போனது.

எக்செல் கோப்பைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஒரு விசித்திரம். தேதி நெடுவரிசையில் சில கட்டங்கள் இடப்பக்கம் ஒட்டியும் சில வலப்பக்கம் ஒட்டியும் இருந்தன. அழகுக்காக யாரும் அப்படி வைக்கவில்லை. எக்செல் தேதி என்று புரிந்துகொண்டதை எண்ணாக மாற்றி வலப்பக்கம் வைக்கும். புரியாததை வெறும் எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிடும். மேனேஜரின் பழைய கணினியில் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தது. அவர் 25/09/22 என்று அடித்தால், 25-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் தொடாமல் விட்டுவிட்டது. 08/09/22 என்று அடித்தால் ஆகஸ்ட் 9 என்று எடுத்துக்கொண்டு 44782 என்ற எண்ணாகச் சேமித்துவிட்டது. செப்டம்பர் 8 ஆக இருந்திருந்தால் 44812 இருந்திருக்கும். ஆக எக்செலுக்குப் புரியாதவை சரியாக இருந்தன, புரிந்தவை தவறாக இருந்தன.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக எண்ணுகிறது. 1970 ஜனவரி 1 அதன் கணக்கில் 25569. கட்டத்தில் இருக்கும் எண்ணில் 25569-ஐக் கழித்து, ஒரு நாளின் நொடிகளான 86400-ஆல் பெருக்கினால் யுடிசி நள்ளிரவின் டைம்ஸ்டாம்ப் வந்துவிடும். சரிபார்க்க எளிதான எண் வேண்டும் என்றால் 45000. அது 2023 மார்ச் 15. இதில் இன்னொரு வேடிக்கை, 1900-ஆம் ஆண்டுக்கு லீப் நாள் கிடையாது. ஆனால் லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளையும் எண்ணிக்கொள்கிறது. அந்த உபரி நாள் 25569-க்குள்ளேயே அடங்கிவிடுவதால் நமக்குத் தொல்லை இல்லை.

வலப்பக்கம் உள்ளதை எல்லாம் திருப்பிப் போட்டால் முடிந்ததே என்றால், இல்லை. நடுவில் ஒரு சமயம் கணினி மாறி இருக்கிறது. புதியதில் இந்திய ஆங்கிலம். அதற்குப் பிறகு அடித்தவற்றில் வலப்பக்கம் உள்ளவையும் சரி. எந்த நாளில் கணினி மாறியது என்று கேட்டால், "தம்பி, அது தானே புயலுக்கு ரிப்பேர் ஆன கம்ப்யூட்டர் இல்ல, அதுக்கு அப்புறம் வாங்குனதும் போயிடுச்சு, அதுக்கு அப்புறம்" என்று மேனேஜர் தானே புயல் அடித்த 2011 டிசம்பரில் இருந்து ஆரம்பித்தார். அந்த வழி உதவாது என்று தெரிந்துவிட்டது.

கட்டத்துக்குள் இருப்பதை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது என்றால், பக்கத்துக் கட்டங்களைக் கேட்க வேண்டும். இங்கேதான் மேனேஜரின் பழக்கம் கைகொடுத்தது. கல்யாணப் பத்திரிகையில் எப்படி இருக்குமோ அப்படியே கோப்பிலும் எழுதி இருந்தார்: ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ்த் தேதி, நேரம், என்ன விசேஷம். பழைய மென்பொருளை எழுதியவர் முதல் நெடுவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பை என்று விட்டிருந்தார். எனக்கு அந்தக் குப்பைதான் பொக்கிஷம்.

செய்முறை இப்படி. சந்தேகமான ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு வேட்பாளர்களை உருவாக்கினேன், நாள் முன்னால் வைத்து ஒன்று, மாதம் முன்னால் வைத்து ஒன்று. பிறகு ஒவ்வொரு வேட்பாளரையும் வரிசையாகச் சில கேள்விகள்.

முதல் கேள்வி கிழமை. 2022 செப்டம்பர் 8 வியாழன், ஆகஸ்ட் 9 செவ்வாய். கோப்பில் "வியா" என்று இருந்தால் விஷயம் முடிந்தது. பெரும்பாலான வரிகள் இந்த ஒரே கேள்வியில் தெளிந்துவிட்டன. ஆனால் நாளும் மாதமும் இடம் மாறினாலும் கிழமை மாறாத ஜோடிகள் உண்டு. மே 9-உம் செப்டம்பர் 5-உம் எந்த ஆண்டிலும் ஒரே கிழமைதான். ஜூலை 11-உம் நவம்பர் 7-உம் அப்படியே. இரண்டு ஜோடிக்கும் இடையே சரியாக 119 நாள், அதாவது 17 வாரம். பிப்ரவரி கடந்துவிட்டதால் லீப் ஆண்டும் ஒன்றும் செய்வதில்லை. இவற்றில் கிழமையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி தமிழ் மாதம். மே 9 என்றால் சித்திரை, செப்டம்பர் 5 என்றால் ஆவணி. ஜூலை 11 ஆனி, நவம்பர் 7 ஐப்பசி. கிழமை கைவிட்ட இடத்தில் இது பிடித்துக்கொண்டது. தமிழ் மாதப் பிறப்பைக் கணக்கிட ஃபங்ஷன் எழுதப் போகவில்லை. சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்து மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை வரும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆவதும் உண்டு. மண்டபத்து அலுவலகத்தில் மாட்டிவைத்த பழைய தினசரிக் காலண்டர் அட்டைகளையும் இணையத்தில் கிடைத்தவற்றையும் பார்த்து, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதப் பிறப்புகளை ஒரு அட்டவணையாக்கிவிட்டேன். ஒப்பிடும்போது ஒரு நாள் சலுகை. நான் சரிபார்ப்பது மாதத்தைத்தான், நாளை அல்ல, அதனால் அது போதும்.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் மிகவும் ரசித்தேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். எட்டாம் தேதியில் நடந்த எந்தக் கல்யாணத்தையும் நாள்-மாதம் மாற்றிப் போட்டால் ஆகஸ்ட் 1 முதல் 12-க்குள் வந்து விழும். அது முழுக்க ஆடி. அதேபோல் முதல் தேதியில் நடந்த எந்தக் கல்யாணமும் ஜனவரி 1 முதல் 12-க்குள் போய் விழும். அது முழுக்க மார்கழி. கிழமையும் தமிழ்த் தேதியும் விட்டுப்போன வரிகளில்கூட இந்த இரண்டு வகையையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் போடலாம். மேலே சொன்ன 08/09/22 தப்பாகப் போனால் ஆடி 24, அதுவும் செவ்வாய்க்கிழமை. அந்த நாளில் யார் தாலி கட்டுவார்?

ஆனால் இந்தக் கேள்வியை "திருமணம்" என்று எழுதிய வரிகளிடம் மட்டும் கேட்க வேண்டும். ஆடியில் மண்டபம் சும்மா இருப்பதில்லை. தள்ளுபடித் துணி விற்பனைக்கு வாரக்கணக்கில் வாடகைக்குப் போகிறது. விசேஷம் என்ற நெடுவரிசையைப் பார்க்காமல் ஓட்டினால், ஆடித் தள்ளுபடி விற்பனை அத்தனையும் பிழை என்று சிவப்பில் வந்து நிற்கும்.

நான்காவது, ராகு காலம். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். அந்த நேரத்தில் முகூர்த்தம் குறிப்பவர் இல்லை. ஒரு வேட்பாளர் வெள்ளிக்கிழமையாகவும் முகூர்த்த நேரம் 10.30-12.00 ஆகவும் இருந்தால் அந்த வேட்பாளருக்கு மதிப்பெண் குறையும். ஞாயிறு மாலை 4.30-6, திங்கள் காலை 7.30-9 என்று ஏழு கிழமைக்கும் ஒரு சின்ன அட்டவணை. இதை நம்பிக்கை என்று பார்க்க வேண்டியதில்லை. எழுதியவர்கள் இந்த விதியை மதித்துத்தான் எழுதினார்கள் என்பது தரவின் ஒரு குணம். வங்கி அட்டை எண்ணின் கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் வைப்பதுபோல, இங்கே சம்பிரதாயமே அந்த இலக்கமாக இருக்கிறது.

கேள்விகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நிரல் தானாகத் தீர்மானிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட வரிகள் தனிப் பட்டியலாக மேனேஜரிடம் போயின. அவர் ரசீதுக் கட்டைப் புரட்டி விடை சொன்னார். சிலவற்றுக்கு ரசீதே வேண்டியிருக்கவில்லை. "அது திருவந்திபுரத்துல தாலி கட்டிட்டு இங்க சாப்பாட்டுக்கு வந்த பார்ட்டி அண்ணே" என்று பக்கத்தில் இருந்த சமையல் கான்ட்ராக்டர் சொல்லிவிடுவார். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். தாலி அங்கே, பந்தி இங்கே. அதனால்தான் சில வரிகளில் முகூர்த்தம் "4.30" என்றும் மண்டபத்துக்கு வருவது "8 மணி" என்றும் இரண்டு நேரம் இருந்தது. கோயில் நேரத்தையும் மண்டப நேரத்தையும் தனித்தனிப் புலமாக்கினேன்.

நேரத்துக்கு வருவோம். எக்செலில் 4.30 என்று அடித்தால் அது நேரம் அல்ல, தசம எண். கடைசி சுழியம் போய் 4.3 ஆகிவிடும். இதைப் படிக்கும் நிரல் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை நிமிடம் என்று எடுத்தால் 4 மணி 3 நிமிடம் வரும். ஓர் இலக்கம்தான் இருந்தால் வலப்பக்கம் சுழியம் சேர்க்க வேண்டும், இடப்பக்கம் அல்ல. 10.3 என்றால் 10:30. பழைய மென்பொருளில் 10:03-க்கு முகூர்த்தம் என்று ஏகப்பட்ட கல்யாணங்கள் இருந்ததற்கு இதுதான் காரணம்.

காலை, மாலை விஷயம் இன்னும் கொஞ்சம் நெளிவு. விடியற்காலை, அதிகாலை, காலை என்றால் எண்ணை அப்படியே வைக்கலாம். மாலை என்றால் 12 கூட்டலாம். பகல், மதியம் என்றால் 12-ஐ 12-ஆகவே விட்டுவிட்டு, 1, 2, 3-க்கு மட்டும் 12 கூட்ட வேண்டும். இரவு 7, 8, 9-க்கு 12 கூட்டலாம். இரவு 12 என்பது அன்றைய தேதியின் முடிவு, ஆகவே காலண்டரில் மறுநாள் 00:00. இரவு 1 மணி என்று எழுதினாலும் மறுநாள்தான். கச்சேரி முடியும் நேரத்தை "இரவு 1" என்று எழுதி இருந்த வரி ஒன்று பழைய தளத்தில் கச்சேரி தொடங்கும் முன்பே முடிந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதியதும் சுத்தம் என்று சொல்ல முடியாது: மதியத்தை 12 ஏஎம் என்று அடித்திருக்கிறார்கள், அது நள்ளிரவு. இதற்கு நான் வைத்த விதி, 12 ஏஎம் என்று வந்தால் நம்பாமல் மேனேஜர் பட்டியலுக்கு அனுப்புவது.

குறிப்பு நெடுவரிசையில் இருந்தும் நேரத்தைத் தேடியபோது "மாலை 2 ஜோடி" என்ற பூக்கடை ஆர்டரைப் பிற்பகல் 2 மணி என்று நிரல் எடுத்துக்கொண்டது. குறிப்பில் நேரம் தேடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

தமிழில் எழுதிய மாதப் பெயர்களை ரெகெக்ஸால், அதாவது எழுத்தின் வடிவத்தை விவரித்துத் தேடும் முறையால், பிடிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டி இருந்தது. ஒன்று யூனிகோட், அதாவது எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் குறியீட்டு முறை. அக்டோபரில் உள்ள "டோ" என்ற எழுத்தை ஓகார உயிர்மெய்க் குறியாக ஒரே குறியீட்டிலும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் எனப் பிரித்து இரண்டு குறியீட்டிலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். நிரலுக்கு வேறு வேறு சொல். பிஎச்பியின் இன்ட்ல் என்ற பன்மொழி நீட்சியில், இவற்றை ஒரே வடிவமாக்கும் நார்மலைசர் இருக்கிறது. உள்ளே வரும் எழுத்தை எல்லாம் முதலில் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு தேடினால் இந்தத் தொல்லை ஒழிந்தது. ரெகெக்ஸின் கடைசியில் யூனிகோடைக் குறிக்கும் யூ குறியை மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் தமிழ் எழுத்து நடுவே உடையும். இரண்டாவது, சுருக்கம். "மார். 12" என்பது மார்ச்சா மார்கழியா? ஆங்கிலத் தேதிக் கட்டத்தில் இருந்தால் மார்ச், தமிழ்த் தேதிக் கட்டத்தில் இருந்தால் மார்கழி. கட்டம் மாறி எழுதி இருந்தால் கிழமையைக் கேட்க வேண்டியதுதான்.

இப்படி நாள், மாதம், ஆண்டு, மணி, நிமிடம் என்று ஐந்தும் தனித்தனி எண்ணாகக் கையில் வந்த பிறகுதான் பிஎச்பியின் உதவியைக் கேட்டேன். ஸ்ட்ர்டுடைம் பக்கமே போகவில்லை. அதற்குப் பதில் டேட்டைம் இம்யூட்டபிள் என்ற தேதி வகுப்பில் உள்ள கிரியேட் ஃப்ரம் ஃபார்மட் என்ற ஃபங்ஷன். என்ன வடிவத்தில் வருகிறது என்பதை நாமே சொல்லிவிடுவதால் அது ஊகிப்பதில்லை. ஆனாலும் அதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. வடிவத்தில் நாள், மாதம், ஆண்டு மட்டும் கொடுத்தால், நேரத்தை நள்ளிரவு என்று வைக்காமல் இப்போதைய கடிகார நேரத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும். வடிவத்தின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வைத்தால் அது நிற்கும். அடுத்தது, 31.2.2024 என்று கொடுத்தால் மறுக்காமல் மார்ச் 2 என்று உருட்டிவிடும். எச்சரிக்கை மட்டும் உள்ளே தனியாக இருக்கும், நாம் கேட்டால்தான் சொல்லும். நான் அதையும் கேட்காமல் வேறு வழி வைத்துக்கொண்டேன்: வந்த தேதியை அதே வடிவத்தில் திரும்ப எழுதச் சொல்லி, கொடுத்ததோடு ஒப்பிடுவது. ஒத்துப்போகாவிட்டால் நிராகரிப்பு.

அந்த ஃபங்ஷனுக்கு மூன்றாவது மதிப்பாக நேர மண்டலம், ஏசியா/கொல்கத்தா. இதை ஒவ்வோர் இடத்திலும் வெளிப்படையாகக் கொடுத்தேன். கடலூரின் 2024 பிப்ரவரி 11 நள்ளிரவு 1707589800. மண்டலம் சொல்லாமல் யுடிசியில் இயங்கும் சர்வரில் மாற்றினால் 1707609600. வித்தியாசம் 19800 நொடி, நம் ஐந்தரை மணி நேரம்.

அந்த ஐந்தரை மணி நேரத்தால் மண்டபம் பட்ட பாடு தனி. தளம் முன்பு இருந்த ஹோஸ்டிங்கில் (வாடகை சர்வரில்) பிஎச்பியின் இயல்பு மண்டலம் இந்தியாவாக அமைக்கப்பட்டிருந்தது. வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றியபோது அது யுடிசி ஆகிவிட்டது. வாடிக்கையாளருக்கு மாலை 6 மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல் எஸ்எம்எஸ் இரவு 11.30-க்குப் போனது. கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் போன் ஒலித்தால் என்ன ஆகும்? மேனேஜர்தான் திட்டு வாங்கினார். அதைச் சரிசெய்ய யாரோ நேரத்தின் பின்னால் ஐஎஸ்டி என்று மூன்றெழுத்தைச் சேர்த்திருந்தார்கள். இந்திய நேரத்துக்கும் அதுதான் சுருக்கம், அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதேதான். பிஎச்பி அதை இஸ்ரேல் நேரமாக, யுடிசிக்கு 2 மணி முன்னால் என்று படிக்கிறது. ஆகவே 11.30-க்குப் போன எஸ்எம்எஸ் இரவு 9.30-க்குப் போக ஆரம்பித்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள் போல. மூன்றெழுத்துச் சுருக்கங்களை எடுத்துவிட்டு மண்டலத்தின் முழுப் பெயரைப் போட்டதும் 6 மணிக்கு வந்தது.

இணையதளத்தின் முன்பதிவுப் படிவத்தில் இன்னொரு விதமான கோளாறு. தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டர், உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு டேட் பொருளைத் தருகிறது: பயனரின் ஊரில் அந்த நாளின் நள்ளிரவு. அதை டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் என்ற முறையால் எழுத்தாக்கி சர்வருக்கு அனுப்பி இருந்தார்கள். அந்த முறை எப்போதும் யுடிசியில்தான் எழுதும். கடலூரின் ஆகஸ்ட் 30 நள்ளிரவு என்பது யுடிசியில் ஆகஸ்ட் 29 மாலை 6.30. சர்வர் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்ததால் எல்லா முன்பதிவும் ஒரு நாள் முன்னால் பதிவானது. இதைக் கவனித்த யாரோ சர்வரில் ஒரு நாள் கூட்டிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அது பல காலம் ஒழுங்காக வேலை செய்தது. இந்த மண்டபத்துக்குப் புதுச்சேரிக் குடும்பங்களும் வருவார்கள். அவர்களில் பிரான்ஸில் குடியேறியவர்கள் அங்கிருந்தே பதிவு செய்வார்கள். பாரிஸ் யுடிசிக்கு ஒரு மணி, கோடையில் இரண்டு மணி முன்னால். அங்கேயும் நள்ளிரவு என்பது யுடிசியில் முந்தின நாள் இரவுதான். ஒரு நாள் கூட்டினால் சரியாகிவிடும். டொராண்டோவில் இருந்து ஒருவர் பதிவு செய்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த ஊர் யுடிசிக்குப் பின்னால். அங்கே ஆகஸ்ட் 30 நள்ளிரவு என்றால் யுடிசியிலும் ஆகஸ்ட் 30 விடியற்காலைதான். அதோடு ஒன்று கூட்டியதும் 31.

இதற்குச் செய்த திருத்தத்தில் புதிதாக எழுதியது அநேகமாக ஒன்றுமில்லை, பெரும்பாலும் அழித்ததுதான். காலண்டர் நிரலை எடுத்துவிட்டு உலாவியே தரும் டேட் வகை இன்புட்டைப் போட்டேன். அது 2024-08-30 என்று வெறும் எழுத்தாகவே தரும். அதை டேட் பொருளாக்காமல் அப்படியே அனுப்பினால் போதும். ஆக்கினால் மறுபடி வம்பு: ஜாவாஸ்கிரிப்ட் 2024-08-30 என்பதை யுடிசி நள்ளிரவாகவும், அதன் பின்னால் நேரத்தைச் சேர்த்து மண்டலம் சொல்லாமல் விட்டால் உள்ளூர் நேரமாகவும் படிக்கும். கல்யாண நாள் என்பது ஒரு கணம் அல்ல, காலண்டரின் ஒரு கட்டம். பாரிஸில் இருந்து பார்த்தாலும் டொராண்டோவில் இருந்து பார்த்தாலும் கடலூரின் ஆகஸ்ட் 30 ஆகஸ்ட் 30-தான்.

ஆகவே தரவுத்தளத்திலும் பிரித்தே வைத்தேன். விசேஷ நாள் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் டேட் வகையில். முகூர்த்த நேரம் தனியாக, கடலூர் கடிகாரத்தில் எப்படியோ அப்படியே. சாவி கொடுக்கும் நேரமும் வாங்கும் நேரமும் மட்டும் டைம்ஸ்டாம்ப், அதுவும் பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையில். மைஎஸ்கியூஎலில் டைம்ஸ்டாம்ப் என்றே ஒரு வகை இருக்கிறதே என்று கேட்கலாம். அது 2038 ஜனவரி 19-ஓடு நின்றுவிடும், நம் நேரப்படி காலை 8:44:07. இப்போது பிறக்கும் குழந்தையின் காதுகுத்துக்கு அது போதும், கல்யாணத்துக்குப் போதாது. அதோடு அந்த வகை இணைப்பின் நேர மண்டலத்தைப் பார்த்து மதிப்பை மாற்றிக் காட்டும். இன்னொரு மாற்றம் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

கடைசியாக 1970. பழைய தளத்தில் 1970 ஜனவரி 1 அன்று மண்டபத்தில் கூட்டம் அலைமோதி இருக்கிறது. ஸ்ட்ர்டுடைமுக்குப் புரியாத எழுத்து வந்தால் ஃபால்ஸ், அதாவது 'இல்லை', என்று திருப்பித் தரும். அதைச் சரிபார்க்காமல் தேதியாக்கினால் சுழியம் ஆகி 1970-க்குப் போகும். மண்டலம் இந்தியாவாக இருந்த காலத்தில் பதிவானவை காலை 5:30 என்றும், ஹோஸ்டிங் மாறிய பிறகு பதிவானவை 00:00 என்றும் காட்டின. எந்த வரி எந்தக் காலத்தது என்று பிரிக்க அது ஒன்றுதான் உதவியது. மூல எழுத்தைத் தேடிப் பார்த்தால் "ஐயர் சொன்ன பிறகு", "தை பிறந்ததும் சொல்றாங்க" என்று இருந்தது. அவற்றுக்கு இப்போது தேதிப் புலம் 'நல்', அதாவது காலி. மேனேஜர் எழுதியது அப்படியே பக்கத்தில் ஓர் எழுத்துப் புலத்தில் இருக்கிறது. எல்லா வரிக்கும் அந்தப் புலத்தை வைத்திருக்கிறேன். மாற்றியது தவறாகப் போனால் திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும்.

மேனேஜருக்கான புதிய உள்ளீட்டுப் பக்கத்தில் தேதிக்கு மூன்று கட்டம், மாதத்துக்குப் பெயர்ப் பட்டியல். அடித்து முடித்ததும் கிழமையும் தமிழ் மாதமும் பக்கத்தில் பெரிதாக வரும். அவர் அதைப் பத்திரிகையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார். ராகு காலத்தில் முகூர்த்தம் அடித்தால் மஞ்சள் பட்டை வரும், ஆனால் தடுக்காது. பதிவுத் திருமணம் செய்துகொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் வருபவர்களுக்கு ராகு காலம் ஒரு பொருட்டில்லை.

இதைப் பார்த்துவிட்டு அதே உரிமையாளரின் உறவினர் புதுச்சேரியில் தன் மண்டபத்துக்கும் கேட்டிருக்கிறார். அங்கே பிரான்ஸில் இருந்து வந்த மின்னஞ்சல்களில் மாதம் பிரெஞ்சில் இருக்கிறது. ஸ்ட்ர்டுடைமுக்கு ஆங்கில மாதப் பெயர் மட்டுமே தெரியும். இன்ட்ல் நீட்சியின் தேதி வடிவமைப்பானை பிரெஞ்சு லொக்கேலில் (மொழி, வட்டார அமைப்பில்) வைத்தால் படித்துவிடுகிறது. தளர்வாகப் படிக்கும் இயல்பை மட்டும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் பிப்ரவரி 31-ஐ மார்ச்சுக்குத் தள்ளும். முதல் மூன்று எழுத்தை வைத்து மாதத்தைப் பிடிக்கலாம் என்று பார்த்தால், பிரெஞ்சில் ஜூனும் ஜூலையும் ஒரே மூன்று எழுத்தில்தான் ஆரம்பிக்கின்றன. நான்காவது எழுத்து வரை போக வேண்டும்.